அடுத்த முறை காசு யார் கைக்குப் போக வேண்டும்?

2020 ஏப்ரல் மாதத்தின் நடுவில், கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி ஒரு மாதம் ஆகவிருந்த வேளையில், பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டுச் சாப்பாட்டு மேசையே எனக்கு அலுவலகமாக இருந்தது. ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டையும் அதைச் சுற்றிய சந்துகளையும் சேர்ந்த பதினைந்து இருபது சிறு கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது என் தொழில். அன்று காலை வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, வாழையிலைச் சாப்பாடு போடும் ஓர் உணவகத்தின் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சந்தாப் பட்டியல்: ஏழு உள்நாட்டுத் தொழிலாளர்கள், அடையாள அட்டை எண், சம்பளம், பிடித்தம் எல்லாம் வரிசையாக இருந்தன. மற்றொன்று, பூமாலைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம்: மூன்று பெண்களின் பெயர், எந்த நாளில் வந்தார்கள், எவ்வளவு கொடுத்தேன் என்ற குறிப்பு, ஓரத்தில் மஞ்சள் கறை. இரண்டு பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: அரசாங்கம் கொடுக்கிறதாமே, நமக்குக் கிடைக்குமா?

உணவகத்துக்கு இரண்டு மணி நேரத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாலைக்கடைக்கு எந்தப் படிவத்தை நிரப்புவது என்றே தெரியவில்லை. இவ்வளவு காலம் கழித்து இந்த ஒப்பீட்டை எழுத உட்காரும்போதும் எனக்கு முன்னால் நிற்பவை அந்த இரண்டு படங்கள்தான். நோய்த்தொற்றோ வேறொரு பேரதிர்ச்சியோ மீண்டும் கடைகளைச் சாத்த வைத்தால், அரசாங்கம் தன் கையிலுள்ள பணத்தை முதலில் எந்த வழியில் விட வேண்டும் என்பதே கேள்வி. முதலாளி வழியாகச் சம்பள மானியமா, குடும்பத்துக்கு நேரடி உதவியா, வேலையிழந்தவருக்குக் காப்புறுதியா, புதிதாக ஆள் எடுப்பவருக்கு ஊக்கத்தொகையா, அரசாங்கமே தரும் தற்காலிக வேலையா, அல்லது மக்கள் தங்கள் சேமிப்பைத் தாங்களே எடுத்துச் சாப்பிட விடுவதா? இந்த ஆறையும் மலேசியா செய்து பார்த்துவிட்டது. ஆகவே ஊகமாகப் பேச வேண்டியதில்லை.

அடியின் அளவை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 18ஆம் தேதி ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 17 விழுக்காடு சுருங்கியது. 2019இல் 3.3 விழுக்காடாக இருந்த வேலையின்மை, 2020 மே மாதத்தில் 5.3 விழுக்காட்டைத் தொட்டது; ஆள்கணக்கில் 8 லட்சத்து 26 ஆயிரம் பேர். ஐந்து விழுக்காடு என்பதைக் கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் வேலை இருந்தும் மணிநேரம் குறைக்கப்பட்டவர்கள், சம்பளமில்லா விடுப்பில் வைக்கப்பட்டவர்கள், கடையைத் திறக்க முடியாமல் கணக்கில் மட்டும் "சொந்தத் தொழில்" என்று இருந்தவர்கள் ஆகியோர் இந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள். வீட்டு வருமானக் கணக்கு இதைவிட நேராகப் பேசுகிறது: வறுமையில் உள்ள குடும்பங்களின் விகிதம் 2019இல் 5.6 விழுக்காடாக இருந்து 2020இல் 8.4 விழுக்காடாக உயர்ந்தது.

முதலில் சம்பள மானியம். 2020 மார்ச் 27ஆம் தேதி அறிவிக்கப்பட்ட 25,000 கோடி வெள்ளி (ரிங்கிட்) பிரிஹாத்தின் என்ற நிவாரணத் தொகுப்பில் இது ஒரு தொழிலாளிக்கு மாதம் 600 வெள்ளி என்ற அளவில்தான் இருந்தது. சிறு தொழில்முனைவோர் கூச்சலிட்டதன் பேரில் ஏப்ரல் 6ஆம் தேதி திருத்தம் வந்தது: 75 பேர் வரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,200 வெள்ளி, 76 முதல் 200 பேர் வரை என்றால் 800 வெள்ளி, அதற்கு மேல் பழைய 600 வெள்ளி. மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் உள்நாட்டவருக்கு மூன்று மாதங்கள். மானியம் வாங்கும் மூன்று மாதமும் அதற்கடுத்த மூன்று மாதமும் அந்தத் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பது நிபந்தனை.

அந்த உணவகத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏழு பேருக்கும் சராசரியாக 1,600 வெள்ளி. மாதச் சம்பளம் 11,200 வெள்ளி. மானியம் ஏழு பெருக்கல் 1,200, அதாவது 8,400 வெள்ளி. முக்கால் பங்கு சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. அப்போது நகர்ப்புறக் குறைந்தபட்சச் சம்பளமும் 1,200 வெள்ளிதான் என்பதைக் கவனித்தால், சிறு கடைகளைப் பொறுத்தவரை இது உதவித்தொகை என்பதைவிட, அடிமட்டச் சம்பளம் முழுவதையும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். முதலாளியின் மனநிலையை அது எப்படி மாற்றியது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் "ரெண்டு பேரை நிறுத்திடலாமா தம்பி" என்று கேட்டவர், மூன்றாம் வாரத்தில் பொட்டலச் சாப்பாடு விற்பதற்கு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பையன் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்தபோது, தோசைக்கல்லில் நிற்பவரும் குழம்பு வைப்பவரும் அங்கேயே இருந்தார்கள். சம்பள மானியத்தின் உண்மையான சரக்கு அதுதான். ஆளும் கடையும் பிரியாமல் இருந்தால், கதவைத் திறந்த மறுநாளே அடுப்பு எரியும். பிரிந்துவிட்டால் ஆள் தேடுவதற்கும் பழக்குவதற்கும் மாதங்கள் போகும்.

பிற நாடுகளும் இதே கணக்கைத்தான் போட்டன. சிங்கப்பூர் தன் முடக்கக் காலத்தில் உள்நாட்டுத் தொழிலாளியின் முதல் 4,600 சிங்கப்பூர் வெள்ளிச் சம்பளத்தில் 75 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் 2,500 பவுண்டு வரம்புக்குள் 80 விழுக்காட்டைக் கொடுத்தது. ஜெர்மனி, வேலைநேரத்தைக் குறைத்து ஆளை வைத்திருக்க உதவும், பல காலமாக நடத்திவரும் குறுவேலைத் திட்டத்தை விரித்தது. அமெரிக்காவோ பெரும்பாலும் வேலையிழந்தவர் கையில் பணத்தைக் கொடுக்கும் வழியில் போனது. அங்கே 2020 ஏப்ரலில் வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியது. இதில் எது மேல் என்பதில் பொருளியலாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் ஆட்கள் புதிய துறைகளுக்கு விரைவாக மாறினார்கள் என்பதும் உண்மை. மார்க்கெட் ஸ்திரீட் அளவிலான கடைகளுக்கு அந்த வாதம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே கைப்பழக்கம்தான் மூலதனம்.

ஆனால் இந்த வழிக்குக் குறைகளும் உண்டு, அவை சிறியவையும் அல்ல. அதே உணவகத்தில் ஐந்து அந்நியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மானியம் இல்லை. ஆனால் தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பு. வாடகை நிற்கவில்லை. வாடகையை 30 விழுக்காடாவது குறைக்கும் கட்டட உரிமையாளருக்கு வரிக் கழிவு உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது நல்ல எண்ணம்தான். ஆனால் வரியே கட்டாத, அல்லது கட்டடத்தை நான்கு வாரிசுகள் பங்கு போட்டு வைத்திருக்கும் பழைய கடைவீட்டுக்காரர்களிடம் அதைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. நான் கணக்கெழுதும் கடைகளில் மூன்றே மூன்றுக்குத்தான் வாடகை குறைந்தது. இன்னொன்று, எப்படியும் ஆளை வைத்திருக்கக்கூடிய நிறுவனங்களும் மானியம் வாங்கின. பூட்டிய வாசலுக்குப் பின்னால் கஷ்டப்பட்டவரையும், முகக்கவசமும் கைத்தூய்மியும் விற்று வழக்கத்தைவிட அதிகம் சம்பாதித்தவரையும் ஏப்ரல் மாதத்தில் பிரித்துப் பார்க்க அரசாங்கத்துக்கு நேரமும் இல்லை, கருவியும் இல்லை. வேகம் வேண்டுமென்றால் இந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதை மூன்று மாதத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ள நியாயம் இல்லை.

முதல் சுற்றில் சுமார் 26 லட்சம் தொழிலாளர்களுக்காக ஏறத்தாழ 1,300 கோடி வெள்ளி கொடுக்கப்பட்டது. ஜூன் மாதத்து 3,500 கோடி வெள்ளி பெஞ்சானா தொகுப்பில் தொகை மீண்டும் 600 வெள்ளியாகக் குறைந்தது. அதன் பிறகு 2021 வரையில் ஒவ்வொரு தொகுப்பிலும் அதே 600 வெள்ளி துண்டு துண்டாக நீட்டிக்கப்பட்டது. இது எனக்கு உடன்பாடில்லாத இடம். முழுதாகப் பூட்டியிருக்கும் காலத்தில் 600 வெள்ளி ஆளைக் காப்பாற்றப் போதாது. ஓரளவு திறந்திருக்கும் காலத்தில் அது தேவையே இல்லாத நிறுவனத்துக்கும் போய்ச் சேரும். பூட்டச் சொல்லும் ஆணை இருக்கும் மாதங்களில் 1,200 வெள்ளி, ஆணை நீங்கிய மாதங்களில் பூஜ்யம் என்று வைத்திருந்தால் அதே பணம் கூர்மையாக வேலை செய்திருக்கும்.

இனி மாலைக்கடை அம்மாவின் பக்கம் வருவோம். அவருக்குக் கிடைத்தது பந்துவான் பிரிஹாத்தின் நேஷனல் என்ற நேரடி உதவி. மாத வருமானம் 4,000 வெள்ளி வரை உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி, ஏப்ரலில் 1,000, மே மாதத்தில் 600 என்று இரண்டு தவணையாக. 4,001 முதல் 8,000 வெள்ளி வரை உள்ள குடும்பத்துக்கு 1,000 வெள்ளி. ஏற்கெனவே இருந்த பந்துவான் சாரா ஹிடுப் (வாழ்க்கைச் செலவு உதவி) பட்டியலில் பெயர் இருந்ததால் அவர் எந்தப் படிவமும் நிரப்பாமலே வங்கியில் பணம் விழுந்தது. வேகத்தில் இதற்கு ஈடு இல்லை. ஆயினும் அவருக்கு மாலை கட்டிக் கொடுத்த மூன்று பெண்களில் ஒருவர் விதவை, மகன் வீட்டில் இருப்பவர். குடும்ப வருமானக் கணக்கில் மகனோடு சேர்ந்துவிட்டதால் தனியாக எதுவும் வரவில்லை. குடும்பத்தை ஓர் அலகாகப் பார்க்கும் திட்டம், அந்தக் குடும்பத்துக்குள் யார் கையில் பணம் இருக்கும் என்பதைப் பார்ப்பதில்லை.

நேரடி உதவி பசியைத் தள்ளிவைக்கும், வேலையைக் காப்பாற்றாது. இரண்டு தவணையில் வந்து நின்றுவிடும் உதவியைக் கொண்டு எந்தக் குடும்பமும் ஆறு மாதத்துக்குத் திட்டம் போட முடியாது. 2021 ஜூன் இறுதியில் மூன்றாம் சுற்று முடக்கத்தின்போது வீடுகளின் வாசலில் வெள்ளைக் கொடி தொங்கியதை நாம் பார்த்தோம். அதே நேரத்தில்தான் 15,000 கோடி வெள்ளி பெமுலே தொகுப்பும் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் கோடிகளில் பேசும் தொகுப்பும் அரிசி கேட்டுத் தொங்கும் துணியும் ஒரே வாரத்தில் இருந்தது எப்படி என்று பலர் கோபமாகக் கேட்டார்கள். தொகுப்பின் பெரும்பகுதி கடன் தவணை ஒத்திவைப்பு, கடன் உத்தரவாதம், சொந்தச் சேமிப்பு ஆகியவற்றால் ஆனது என்பதே அதற்கான பதில். அரசாங்கக் கருவூலத்திலிருந்து புதிதாக வரும் பணம் அறிவிப்பின் தலைப்பில் இருக்கும் எண்ணைவிட எப்போதும் வெகு குறைவு. எந்தத் தொகுப்பை ஒப்பிட்டாலும் முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

வேலையிழந்தவருக்கான காப்புறுதிதான் இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் சார்ந்து பேசப் போகும் வழி. வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2018இல் தொடங்கியது. முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு. 2,000 வெள்ளிச் சம்பளக்காரர் மாதம் ஏறக்குறைய 4 வெள்ளி கட்டுகிறார். அவர் வேலையிழந்தால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு. கூட்டிப் பார்த்தால் 1,600, 1,000, 800, 800, 600, 600. மொத்தம் 5,400 வெள்ளி. ஆறு மாதமும் கிடைப்பதற்குப் போதிய காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்தப் பணம் முதலாளியின் தயவில் வருவதில்லை, அரசியல்வாதியின் அறிவிப்புக்காகவும் காத்திருப்பதில்லை. நெருக்கடி வந்த அன்றே தானாக விரியும். நெருக்கடி நீங்கினால் தானாகச் சுருங்கும். வேலை தேடும் தளத்தோடும் பயிற்சியோடும் அது பிணைக்கப்பட்டிருப்பதால், ஆள் வீட்டில் முடங்கிவிடும் என்ற பழைய புகாருக்கும் இடம் குறைவு. பெருந்தொற்று வருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னால் இது தொடங்கப்பட்டிருந்ததை நல்வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது முதலாளிகள் சங்கங்கள் இதை எதிர்த்தும் இருந்தன.

இதன் சிக்கல் வேலியில் இருக்கிறது. 2020 முழுவதிலும் சொக்சோவில் பதிவான வேலையிழப்பு ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. மே மாதத்தில் மட்டும் வேலையின்றி இருந்தவர்கள் எட்டு லட்சத்துக்கு மேல் என்பதை இதனருகில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றையே அளக்கும் கணக்கல்ல. முதன்முறையாக வேலை தேடும் இளையோரும் இரண்டாவதில் அடக்கம். ஆனாலும் இடைவெளி கண்ணைக் குத்துகிறது. தானாக வேலையை விட்டவருக்கு இல்லை, ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கு இல்லை, அன்றைய விதிப்படி வீட்டு வேலை செய்பவருக்கு இல்லை, சொந்தத் தொழில் செய்பவருக்கு இல்லை. "நீயே எழுதிக் கொடுத்துடு, பிறகு பார்த்துக்கலாம்" என்று முதலாளி நயமாகப் பேசி விலகல் கடிதம் வாங்கிக்கொண்டால் அந்தத் தொழிலாளிக்கும் இல்லை. பத்து பெரிங்கியில் ஒரு கடற்கரை விடுதியில் பதினோரு ஆண்டுகள் வரவேற்பு மேசையில் இருந்த என் மைத்துனர் மகனிடம் அப்படித்தான் கையெழுத்து வாங்கப்பட்டது. சட்டப்படி அதை எதிர்க்க வழி இருந்தது. ஆனால் ஊரடங்கில் எந்த அலுவலகத்துக்கு அவன் போவான்? இரண்டு மாத வீட்டுத் தவணைக்கான தொகையோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டு, உணவு விநியோகப் பை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான். அன்றிலிருந்து அவன் "சொந்தத் தொழில்" செய்பவன்.

அவனைப் போன்றவர்களுக்காகத்தான் நான்காவது வழியான ஆள்சேர்ப்பு ஊக்கத்தொகை வந்தது. பெஞ்சானாவில் 40 வயதுக்குக் குறைந்த வேலையில்லாதவரை எடுக்கும் முதலாளிக்கு ஆறு மாதத்துக்கு மாதம் 800 வெள்ளி, 40 வயதைத் தாண்டியவர் அல்லது மாற்றுத்திறனாளி என்றால் 1,000 வெள்ளி. பிறகு 2022ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஜாமின்கெர்ஜா என்ற பெயரில் 480 கோடி வெள்ளியும் 6 லட்சம் வேலை என்ற இலக்கும் அறிவிக்கப்பட்டன. பினாங்கில் இதற்கு ஒரு தனி இயல்பு உண்டு. தீவின் வடக்கே விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்த அதே மாதங்களில், தெற்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. உலகம் முழுவதும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதால் மின்னணுப் பொருள்களுக்குக் கிராக்கி ஏறியது. 2021இல் பினாங்குக்கு அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தித் துறை முதலீடு 7,620 கோடி வெள்ளி. வரவேற்பு மேசையிலிருந்து தொழிற்சாலைக்கு ஆளை நகர்த்த 800 வெள்ளி போதுமா? போதாது என்பதை மைத்துனர் மகன் கதையே காட்டுகிறது. ஆள் வேண்டிய தொழிற்சாலை மானியம் இல்லாமலே எடுக்கும். அவன் போகாததற்குக் காரணம் முதலாளியின் செலவல்ல. பன்னிரண்டு மணி நேர இரவு முறை, கம்பெனி பஸ் வராத குடியிருப்பு, பயிற்சிக் காலத்தில் பாதிச் சம்பளம் ஆகியவைதான். ஊக்கத்தொகை முதலாளிக்குப் போகிறது, தடையோ தொழிலாளியின் பக்கம் இருக்கிறது. இதே பணத்தைப் பயிற்சிக் காலப் படியாக அவன் கையில் கொடுத்திருந்தால் ஒருவேளை போயிருப்பான். மீட்சி உறுதியான பிறகே இந்த வழி பயன்படும் என்பது என் கணிப்பு. முடக்கத்தின் நடுவில் ஆள் எடு என்று யாரிடம் சொல்வது?

அரசாங்கமே தந்த தற்காலிக வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மைஸ்டெப் திட்டத்தில் 2021இல் 50,000 ஒப்பந்தப் பணியிடங்கள். 35,000 அரசாங்கத் துறையில், 15,000 அரசாங்கம் சார்ந்த நிறுவனங்களில். பட்டம் முடித்து வீட்டில் இருந்த இளையோருக்கு அது முதல் சம்பளச் சீட்டைக் கொடுத்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் மேலே சொன்ன காப்புறுதியும் கிடையாது. இந்தியக் கிராமங்களில் நூறு நாள் வேலைத் திட்டம் செய்ததைப் போல, வேலை கேட்டவருக்கெல்லாம் வேலை என்ற உரிமையாக இது அமைக்கப்படவில்லை. ஆணையிடப்பட்ட எண்ணிக்கையில் நின்றுவிட்டது.

இப்போது சேமநிதிக்கு வருகிறேன். இதில் பொறுமையாக எழுதுவது எனக்குக் கடினம். 2020 ஏப்ரலில் ஐ-லெஸ்தாரி என்று மாதம் 500 வெள்ளியில் தொடங்கி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இல் 10,000 வெள்ளி சிறப்பு எடுப்பு என்று நான்கு வாசல்கள் திறக்கப்பட்டன. மொத்தம் 14,500 கோடி வெள்ளி இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியிலிருந்து வெளியேறியது. மார்ச் மாதத்துத் தொகுப்பிலிருந்து பெமுலே வரை அரசாங்கம் பெருமையோடு பட்டியலிட்ட உதவிகளில் இதுவும் ஒன்று. தொழிலாளியின் பணத்தைத் தொழிலாளிக்கே கொடுத்துவிட்டு அதை உதவி என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். முப்பது வயதில் ஒருவர் எடுத்த 10,000 வெள்ளி, ஆண்டுக்கு 5.5 விழுக்காடு ஈவு என்று வைத்துக்கொண்டால், அவருடைய 55ஆவது வயதில் ஏறத்தாழ 38,000 வெள்ளியாகியிருக்கும். நான் கணக்கெழுதும் கடைகளில் வேலை செய்யும் ஐம்பதைத் தாண்டியவர்கள் சிலரிடம் இப்போது இருப்பது நான்கு இலக்கம். அன்று அவர்கள் எடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பால் மாவு இல்லாதவனிடம் கூட்டுவட்டி பேசுவதில் பொருளில்லை. வேறு வழிகள் போதுமான அளவு வைக்கப்பட்டிருந்தால் அந்த வாசலைத் தட்டியிருக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம். அரசாங்கத்துக்கு இடமில்லாமல் போகவும் இல்லை: சட்டப்படியான கடன் வரம்பு உள்நாட்டு உற்பத்தியில் 55 விழுக்காட்டிலிருந்து 2020இல் 60 ஆகவும், 2021இல் 65 ஆகவும் உயர்த்தப்பட்டது. கடனைப் பின்தலைமுறை முழுதும் பகிர்ந்து அடைக்கும். சேமநிதியை எடுத்தவரோ தன் முதுமையைத் தானே தனியாக அடைக்க வேண்டும்.

பினாங்குக்காரர் ஒருவர் இந்த ஒப்பீட்டை எழுதும்போது 1969ஐத் தொடாமல் போக முடியாது. அந்த ஆண்டு தீவின் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. வேலையின்மை நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டி இருந்த காலம் அது. துறைமுகத்தைச் சார்ந்து வாழ்ந்த சாக்குத் தூக்கிகளும் கிட்டங்கிக் கணக்கர்களும், அவர்களில் கணிசமான தமிழர்களும், திசை தெரியாமல் நின்றதை என் தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைய முதலமைச்சர் லிம் சோங் யூ தேர்ந்தெடுத்த வழி உதவித்தொகை அல்ல. மாநில மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, வயல்வெளியாக இருந்த பாயான் லெப்பாஸில் 1972இல் தடையில்லாத் தொழில் வட்டாரத்தைத் திறந்து, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்களைக் கொண்டுவந்தார். இதைக் காட்டி, மானியமெல்லாம் வீண், முதலீட்டை ஈர்த்தால் போதும் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1969இல் நேர்ந்தது ஒரு தொழிலின் மரணம். அந்த வேலைகள் திரும்பி வரப்போவதில்லை, ஆகவே புதிதாக ஒன்றைக் கட்டத்தான் வேண்டியிருந்தது, அதற்கு ஆண்டுகள் ஆயின. 2020இல் நேர்ந்ததோ மூச்சடைப்பு. பெரும்பாலான வேலைகள் திரும்பி வரக்கூடியவை. வந்தும் விட்டன: 2022இல் பொருளாதாரம் 8 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது, 2023 இறுதிக்குள் வேலையின்மை பழைய 3.3 விழுக்காட்டுக்கே இறங்கியது. மூச்சடைத்தவனுக்கு முதலில் காற்று, பிறகு மற்றது. எது மரணம், எது மூச்சடைப்பு என்று துறைவாரியாகப் பிரித்துப் பார்ப்பதில்தான் ஆறாம் மாதத்துக்குப் பிந்திய கொள்கையின் திறமை இருக்கிறது.

ஆக, என் வரிசை இது. பூட்டச் சொல்லும் ஆணை இருக்கும் முதல் மூன்று மாதங்களில் பணத்தின் பெரும்பகுதி சம்பள மானியத்துக்குப் போக வேண்டும். சிறு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் முழுவதும், இன்றைய கணக்கில் 1,700 வெள்ளி. நேரடி உதவி அதே முதல் மாதத்தில், ஆனால் குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் அல்லாமல் வயதுவந்த ஒவ்வொருவர் பெயரிலும். நான்காம் மாதத்திலிருந்து மானியத்தை நிறுத்தி, அந்தப் பணத்தை வேலைவாய்ப்புக் காப்புறுதிக்குத் திருப்பி, பின்மாதங்களில் 30, 40 விழுக்காடாக விழும் தொகையை 60 விழுக்காட்டில் நிறுத்திவைக்க வேண்டும். ஆள்சேர்ப்பு ஊக்கத்தொகை அதற்குப் பிறகு, தொழிலாளியின் பயிற்சிப் படியாக. சேமநிதியைத் தொடவே கூடாது.

இந்த வரிசையில் எந்த இடத்தை எடுத்தாலும் அது ஒரு பெயர்ப்பட்டியலின் மேல்தான் நிற்கிறது. உணவகத்துக்கு மானியம் கிடைத்தது பட்டியல் இருந்ததால். மாலைக்கடைக்குக் கிடைக்காதது பட்டியல் இல்லாததால். தொகை 600 ஆக இருந்தாலும் 1,700 ஆக இருந்தாலும் அந்த மூன்று பெண்களுக்கு அது பூஜ்யம்தான். ஆகவே அடுத்த நெருக்கடிக்கான வேலை நெருக்கடி இல்லாத இந்த ஆண்டுகளில் செய்யப்பட வேண்டியது. சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டம் 2017 முதல் இருக்கிறது. 2020இல் பல துறைகளுக்கு விரிந்தது. அதன் முதல் படிச் சந்தா ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் (செயலி வழியாகப் பணியெடுத்துச் செய்வோர் போன்றவர்கள்) சட்டம் மைத்துனர் மகனைப் போன்றவர்களையும் அந்தக் காப்புக்குள் கொண்டுவருகிறது. ஆனால் இரண்டும் விபத்துக்கானவை, வேலையிழப்புக்கானவை அல்ல. அதே சந்தாவோடு வேலையிழப்புக் காப்புறுதியின் 0.4 விழுக்காட்டையும் சேர்த்து வாங்கினால், 1,550 வெள்ளி வருமானக்காரருக்கு மாதம் 6 வெள்ளி 20 காசுதான் கூடுதல்.

மாலைக்கடை அம்மாவைப் போன வருடம் நானே அந்தத் திட்டத்தில் பதிவு செய்து கொடுத்தேன். காசைக் கட்டிவிட்டு ரசீதை மடித்துப் பூக்கூடைக்கு அடியில் வைத்தபடியே அவர் கேட்டார்: "சம்பளக்காரவங்களுக்கு வேலை போச்சுன்னு கம்பெனி கடுதாசி தரும். எனக்கு யாருப்பா தருவா?" கொள்கை வகுப்போர் பலர் இந்த இடத்தில்தான் சொந்தத் தொழிலாளிக்குக் காப்புறுதி நடக்காத காரியம் என்று கைவிரிக்கிறார்கள், வேண்டுமென்றே கடையை மூடிக்கொண்டு பணம் கேட்பார்கள் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு பதில் உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி அவர் கடையை மூடியது அவருடைய விருப்பத்தினால் அல்ல, அரசிதழில் வந்த ஆணையினால். 2021 தைப்பூசம் வழக்கமான கூட்டம் இல்லாமல் கழிந்ததும் அப்படித்தான். அரசாங்கம் ஒரு தொழிலை மூடச் சொல்லி ஆணையிடும் நாளில், அந்தத் துறையில் சந்தா கட்டியிருக்கும் எல்லாருக்கும் அந்த ஆணையே வேலையிழப்புக் கடிதமாகக் கொள்ளப்படும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.